முந்தல் களப்பும் விருந்துப் பறவைகளும்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே நீர்கொழும்பு, மாரவில, சிலாபம் என ஊர்களை ஒவ்வொன்றாகப் பின்னே விட்டுச் செல்லும் பிரயாணிக்கு, தெதுறு ஓயாப் பாலத்தைக் கடந்ததும் நாடே மாறிவிட்டது போன்ற ஓர் உணர்ச்சி உண்டாகும். தென்னந்தோட்டங்களின் நிழல் மெல்லக் குறைகிறது. மண் வெளுக்கிறது. உடையும் விடத்தலும் பற்றையாய் மண்டிய வெளிகளினூடே மேற்குக் காற்று உப்பு மணத்தைச் சுமந்து வருகிறது. இன்னும் சிறிது தூரம் சென்றால், வலது புறமும் இடது புறமும் பார்த்துப் பார்த்துக் களைத்த கண்களுக்கு, வானத்தின் ஒரு துண்டு கீழே விழுந்து கிடப்பது போலப் பளபளக்கும் நீர்ப்பரப்பொன்று தென்படும். அதுவே முந்தல் களப்பு.

முந்தல் என்னும் சொல்லுக்கு, நீருள் முன்னே நீண்டு நிற்கும் நிலம் என்று பொருள் கூறுவர். ஊருக்கு அப்பெயர் எவ்வாறு வந்ததோ, களப்பின் கரையில் நின்று பார்ப்பவருக்கு அப்பொருள் பொருத்தமாகவே தோன்றும். வடக்கே புத்தளக் களப்பையும் தெற்கே சிலாபக் களப்பையும் இதனோடு இணைத்து ஓடுகிறது, ஒல்லாந்தர் வாய்க்கால் என்று இன்றும் மக்கள் வழங்கும் பழைய நீர்வழி. மேற்கே, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணல் நிலத்திலே உடப்பு என்னும் தமிழ் மீனவர் கிராமம் இருக்கிறது. ஆடி மாதத்திலே அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலில் நடைபெறும் தீமிதிப்பைக் காணச் சென்றவர்கள் அவ்வூரை மறக்கமாட்டார்கள்.

களப்பு அகன்றது, ஆயின் ஆழம் இல்லாதது. ஐப்பசி கார்த்திகை மழையிலே பெருகிக் கரை ததும்பும். வெயில் மாதங்களிலே சுருங்கி, கடல் நீரிலும் மிகுந்த உப்புக் கொண்டதாகிவிடும். பெருகும் காலத்திற்கும் சுருங்கும் காலத்திற்கும் இடையிலேதான் தொலைதூரத்து விருந்தினர் இங்கே வந்து தங்குகின்றனர். அவர்களைக் காணும் ஆசையினாலேயே, தைப்பொங்கலை ஒட்டி வந்த விடுமுறையிலே, நாம் குடும்பத்துடன் முந்தலுக்குச் சென்றிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியராகிய நண்பர் ஒருவர், தமது வீட்டிலே தங்கிச் செல்லுமாறு பல ஆண்டுகளாகவே அழைத்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலையிலே ஒரு காட்சி

மறுநாள் விடியுமுன்னரே நண்பர் எம்மை எழுப்பிக் களப்பின் கரைக்கு அழைத்துச் சென்றார். பனி முற்றாக விலகவில்லை. முதலில் ஓசைதான் கேட்டது: ஆயிரம் பேர் ஒருங்கே இரகசியம் பேசுவது போன்ற ஓர் ஓசை. பின்னர் வெளிச்சம் பரவப் பரவ, நீரின் மேல் கருமையாய்த் தெரிந்தவை ஒவ்வொன்றாக உருப்பெற்றன. கூழைக்கடாக்கள் தோணிகள் போல மிதந்தன. நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு நின்றன. சேற்றோரத்திலே உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தின. நடுவே, பெருங்கூட்டமாய், தாராக்கள்.

“இவற்றிலே சீழ்க்கைத் தாரா நம்மூரது. அதோ, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டிருப்பது நீலச்சிறகுத் தாரா, அது பரதேசி. வாலிலே ஊசி நீண்டிருப்பதும் பரதேசிதான்” என்று நண்பர் எம் மகனுக்குக் காட்டினார்.

அவர் கூறிய பரதேசிகள் வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவின் புல்வெளி நாடுகளிலும் பிறந்து, அங்கே நீர் உறையத் தொடங்கும் காலத்திலே புறப்பட்டு, இமயத்தைக் கடந்து பாரதத்தின் நீளம் முழுவதையும் தாண்டி, இத்தீவை அடைபவை. இதற்குத் தெற்கே நிலமில்லை. ஆதலால் இலங்கை அவற்றின் வழியில் இறுதித் தங்குமடம். பங்குனி சித்திரையிலே அவை திரும்பிவிடும். வழியிலே எத்தனை நாட்டுக் குளங்களின் நீரைப் பருகியிருக்குமோ, எத்தனை சேற்றில் இரை தேடியிருக்குமோ! அந்த எண்ணம் அப்போது எமக்கு இன்பத்தையே தந்தது. அன்று மாலையே அது வேறொரு நிறத்தில் எமக்கு முன் வந்து நின்றது.

கால்களிலே சிவந்த தடிப்பு

முந்தலுக்குத் தெற்கே, சிலாபம் செல்லும் வழியில், ஆனைவிழுந்தான் என்னும் இடம் உண்டு. ஒன்றின் நீர் மற்றொன்றிற் சென்று விழுமாறு பழங்காலத்தவர் தொடராக அமைத்த குளங்கள் அங்கே இருக்கின்றன. கடற்கரைக்கு இவ்வளவு அண்மையில் இத்தகைய நன்னீர்க் குளத்தொடர் அமைந்திருப்பது அரிது. 1,397 ஹெக்டேர் பரப்புள்ள அவ்விடம் 1997 ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டிலே, உலகின் சிறந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. களப்பிலே இரை தேடும் பறவைகள் பல, நன்னீருக்காக இத்தகைய குளங்களை நாடுகின்றன.

சரணாலயத்திற்கு வெளியே, அந்தப் பக்கத்திலேயே, நண்பருக்குச் சிறிது வயல் உண்டு. முற்பகலில் எல்லோரும் அங்கே போனோம். பெரியவர்கள் வரம்பில் நின்று பேசிக்கொண்டிருக்க, எம் மகனும் நண்பரின் பேரனும் ஊர்க்குளத்தின் ஓரத்திலே முழங்கால் அளவு நீரில் இறங்கி அல்லி பறித்தார்கள். எருமைகள் ஒரு புறம் கிடந்தன. சீழ்க்கைத் தாராக்கள் சில தாமரை இலைகளுக்கிடையே நீந்தின. சித்திரத்தில் எழுதத் தகுந்த காட்சி அது.

வீடு திரும்பிய சிறிது நேரத்திலே பேரன் காலைச் சொறியத் தொடங்கினான். விளக்கேற்றும் வேளைக்குள் அவனுடைய முழங்காலுக்குக் கீழே சிறு சிறு சிவந்த தடிப்புகள் முளைத்துவிட்டன. எம் மகனுக்கும் அவ்வாறே. ஆயினும் சற்றுக் குறைவு. பையன்கள் இருவரும் அழாக்குறையாக உட்கார்ந்திருந்தார்கள். நண்பரின் தாயார் அருகில் வந்து பார்த்தார்.

“இது குளத்துச் சொறி. நாற்று நடப் போன காலத்திலே எங்களுக்கும் வரும். வேப்பிலை அவித்துக் கழுவுங்கோ, போய்விடும்” என்றார் ஆச்சி.

செய்தி அயலுக்குப் பரவ அதிக நேரம் செல்லவில்லை. படலையடியிலே நாலைந்து பேர் கூடினர். அந்தக் குளத்திலே குளிக்கும் பிள்ளைகள் பலருக்கும் இதே தொல்லை என்று ஒருவர் சொன்னார். “எல்லாம் இந்தத் தாராக்கள் கொண்டுவரும் விஷம்” என்றார் இன்னொருவர். பட்டாசு கொளுத்தி அவற்றைக் குளத்தை விட்டே துரத்திவிட வேண்டும் என்றான் ஓர் இளைஞன். மருந்தூற்றி நீரைச் சுத்தம் செய்வதே மேல் என்றான் மற்றவன். அடுத்த நாள் கமக்காரர் சங்கத்தவர் குளத்தடியிலே கூடுவதாகவும், அங்கே இதற்கு ஒரு முடிவு காண வேண்டுமென்றும் பேச்சு எழுந்தது.

எமது நிலை சங்கடமாயிற்று. காலையிலே எந்தப் பறவைகளைக் கண்டு வியந்தோமோ, அவற்றின் மேலேயே மாலையிற் குற்றம் சாட்டப்பட்டது. மறுத்துக் கூற எமக்கு அறிவு போதாது. பிள்ளையின் கால் எதிரே சிவந்திருக்கிறது. அவ்வேளையிலே, உள்ளேயிருந்து வந்த நண்பரின் இளைய மகள், “மாமா, காலையிலே ஒரு வேடிக்கை காட்டுகிறேன். அதைப் பார்த்த பிறகு யாரைத் துரத்துவது என்று தீர்மானிக்கலாம்” என்றாள். அப்பெண் பேராதனையிலே கால்நடை மருத்துவம் பயில்பவள்.

கண்ணாடிப் போத்தலிலே கண்டது

மறுநாட் காலை அவள் இறப்பர் கையுறையும் நீண்ட சப்பாத்தும் அணிந்து, குளத்தோரத்துப் பாசியிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட நத்தைகளைப் பொறுக்கி வந்தாள். அவற்றுட் பல, தட்டையாய் வட்டமாய்ச் சுருண்டவை. சுத்தமான நீர் நிரம்பிய சிறு கண்ணாடிப் போத்தல்களிலே அவற்றைப் பிரித்துப் போட்டு, வெயில் படும் திண்ணையிலே வரிசையாக வைத்தாள். போத்தல்களின் பின்னே கறுப்புத் துணி ஒன்றை விரித்தாள். இரண்டு மணி நேரம் சென்றது. “இப்போது பாருங்கள்” என்று உருப்பெருக்குக் கண்ணாடியை எம் கையிலே தந்தாள்.

பெரும்பாலான போத்தல்களில் ஒன்றுமில்லை. ஒன்றிலே மட்டும், சூரிய ஒளியில் மிதக்கும் தூசி போல, நுண்ணிய புள்ளிகள் துடித்துத் துடித்து நீந்தின. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்; வாலின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அந்த உயிர்களே பிள்ளைகளின் கால்களைச் சிவக்கச் செய்தவை போன்றவை என்றாள் அவள்.

அவள் விளக்கியதைச் சுருக்கிக் கூறுகிறோம். தாரா முதலிய நீர்ப்பறவைகளின் இரத்தக் குழாய்களிலே வாழும் தட்டைப்புழு இனம் ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் அதற்கு டிரைக்கோபில்கார்சியா என்று பெயரிட்டு, நாற்பதுக்கு மேற்பட்ட வகைகளைக் கண்டிருக்கின்றனர். அப்புழுவின் முட்டைகள் பறவையின் எச்சத்தோடு நீரில் விழுகின்றன. முட்டையிலிருந்து வெளிப்படும் குஞ்சு, தனக்கேற்ற நத்தையைத் தேடி அதனுள் நுழைகிறது; கிடைக்காவிட்டால் மாண்டுவிடும். நத்தையின் உடலுக்குள்ளே அது பல்கிப் பெருகுகிறது. சில கிழமைகள் சென்றபின், பிளந்த வாலோடு கூடிய இளம் புழுக்கள் ஆயிரக்கணக்கில் நத்தையிலிருந்து வெளியேறுகின்றன. வெயிலும் வெதுவெதுப்பும் அவற்றை வெளியேறத் தூண்டுகின்றன. வெளியேறியவற்றின் ஆயுள் ஓரிரு நாளே. அதற்குள் ஒரு தாராவின் காலையோ வயிற்றையோ அடைந்து தோலைத் துளைத்து உட்புகுந்தால் வாழ்வு, இல்லையேல் சாவு.

அவ்வாறு தேடும்போது, தாராவின் கால் என்று எண்ணி மனிதப் பிள்ளையின் காலைத் துளைத்துவிடுவதும் உண்டு. ஆனால் அது புழுவுக்கே கேடாக முடிகிறது. மனித உடலில் அது வளர்ந்து முதிர்வதில்லை, தோலிலேயே மடிகிறது. அந்நியனை எதிர்த்து உடல் நடத்தும் போரே அரிப்பும் தடிப்புமாக வெளிப்படுகிறது. முதல் முறை துளைக்கப்பட்டவருக்கு அரிப்பு சிறிதாகவே இருக்கும். பலமுறை துளைக்கப்பட்டவரின் உடல் பகைவனை நினைவில் வைத்திருப்பதால், போரும் கடுமையாக இருக்கும். எம் மகனுக்குக் குறைவாகவும், குளத்திலே அடிக்கடி இறங்கும் பேரனுக்கு அதிகமாகவும் தடித்ததற்கு அதுவே காரணமாகலாம்.

இந்தத் தொடர்பு வெளிப்பட்டது 1928 ஆம் ஆண்டிலே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே டக்ளஸ் ஏரிக் கரையிலிருந்த ஆய்வு நிலையத்திலே, வில்லியம் கோர்ட் என்னும் ஆராய்ச்சியாளர், நத்தையிலிருந்து வெளிவரும் இளம் புழுக்களே தோலரிப்புக்குக் காரணமென்று நிறுவினார். அதன் பின்னரே, பல நாட்டு மக்கள் பல பெயரிட்டு வழங்கிய தொல்லைகள் ஓரினத்தைச் சேர்ந்தவை என்பது புலனாயிற்று. மலாய் நாட்டு உழவர் இதனை வயற்சொறி என்றனர். ஜப்பானியர் ஏரிக்கரை நோய் என்றனர். நம் ஆச்சி குளத்துச் சொறி என்றார்.

குற்றவாளி ஒருவர் அல்லர்

“அப்படியானால் தாராதானே காரணம்?” என்று நண்பர் கேட்டார்.

“அப்பா, குளத்திலே தாரா மட்டுமா இருந்தது?” என்று மகள் திருப்பிக் கேட்டாள்.

நாம் எருமைகளை மறந்துவிட்டோம்! மாடு எருமைகளின் இரத்தக் குழாயிலும் இதற்கு உறவான புழுக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று மூக்கின் நாளங்களிலே தங்கி, மாட்டை மூச்செடுக்க முடியாமற் குறட்டை விடச் செய்வது. சென்னையிலே எம். ஏ. என். ராவ் என்னும் அறிஞர் 1930களின் தொடக்கத்திலே அதனை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். அவ்வினம் இலங்கை மாடுகளிலும் இருப்பது பின்னர் ஆய்வாளராற் பதிவு செய்யப்பட்டது. மாட்டுப் புழுவின் இளம் பருவமும் அதே குளத்து நத்தைகளில் வளரக்கூடியது. அதே பிளந்த வாலுடையது. மனிதத் தோலிலே அதே தடிப்பை உண்டாக்குவது. போத்தலிலே நாம் கண்டவை தாராவினுடையவையா, எருமையினுடையவையா என்பதை வெறும் உருப்பெருக்குக் கண்ணாடியால் தீர்மானிக்க முடியாது என்று அப்பெண் கண்டிப்பாகக் கூறினாள். பட்டாசு கொளுத்தித் தாராக்களைத் துரத்தியபின்னும் பிள்ளைகளின் கால் சிவந்தால், அடுத்து எதைத் துரத்துவது?

கண்ணை விரும்பும் புழு

பேச்சு வளர்ந்தது. பறவையிலிருந்து மனிதனுக்கு வேறு எந்தப் புழுவும் வருவதில்லையா என்று எம் வீட்டார் கவலையோடு கேட்டார்கள். அதற்கு அவள் கூறிய செய்தி எம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஏனெனில் அது நம் நாட்டிலேயே நிகழ்ந்தது.

நீர்ப்பறவைகளின் கண்ணிமைக்குள்ளே வாழும் தட்டைப்புழு ஒன்று உண்டு. பிலொப்தல்மஸ் என்று 1899 ஆம் ஆண்டிலே அதற்கு இடப்பட்ட பெயருக்குக் கண்ணை விரும்புவது என்று பொருள். பறவை நீரிலே தலையை அமிழ்த்தும்போது முட்டைகள் கண்ணிலிருந்து நீரிற் சேர்கின்றன. இங்கேயும் நத்தையே இடைத்தங்கும் வீடு. திருகாணி போலக் கூர்ந்து நீண்ட ஓட்டையுடைய நத்தைகள் அதற்கு உகந்தவை. நத்தையை விட்டு வெளிவந்த இளம் புழு, நீர்ச்செடியிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை கட்டிக் காத்திருக்கும். செடியோடு பறவையின் வாயை அடைந்ததும், அங்குள்ள வெப்பத்தால் உறையை விட்டு வெளியேறி, கண்ணீர் வடியும் குழாய் வழியாக ஏறிக் கண்ணை அடைந்துவிடும்.

இப்புழு மனிதக் கண்ணிலும் அரிதாகக் காணப்பட்டிருக்கிறது. இலங்கையிலே அத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி ஏ. எஸ். திசாநாயக்காவும் டி. பி. பிலிமோரியாவும் 1958 ஆம் ஆண்டிலே விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் எழுதினர். அரை நூற்றாண்டின் பின், 2009 ஆம் ஆண்டிலே, பேராதனை ஆய்வாளர் மற்றொரு நோயாளியைப் பற்றி அறிவித்தனர். கண்ணிலே மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் சிவப்பும் இதன் அடையாளங்கள். கண் வைத்தியர் சில மில்லிமீற்றர் நீளமுள்ள அப்புழுவை எடுத்துவிட்டால் கண் தெளிந்துவிடும். உலகம் முழுவதிலும் இதுவரை பதிவான மனித நோயாளிகள் மிகச் சிலரே. ஆதலால் அஞ்சுவதற்கு இடமில்லை. ஆயினும், குளத்து நீரிலே குளித்த பிள்ளைக்கு ஒரு கண் மட்டும் சிவந்து நாட்கணக்கில் உறுத்துமானால், கைமருந்து விட்டுக் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுவது பெற்றோர் கடமை.

அடுக்களையின் காவல்

பகலுணவு வேளையிலே ஒருவன் பின்வளவால் வந்து, சாக்கிலே மறைத்து வைத்திருந்த காட்டுத் தாரா இரண்டை விற்கப் பார்த்தான். நண்பர் அவனைக் கடிந்து அனுப்பினார். “சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கே எப்படிச் செத்தது என்று தெரியாத பறவையை என் அடுக்களைக்குள் விடமாட்டேன்” என்றார் அவர் மனைவி. இரண்டும் நியாயமே. செத்துக் கிடக்கும் நீர்ப்பறவையை வெறுங்கையால் தொடலாகாது. பல பறவைகள் ஒருங்கே செத்துக் கிடந்தால் கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். ஏனெனில் அப்போது ஐயுற வேண்டியது புழுவை அன்று. பறவைக் காய்ச்சல் போன்ற வேறு நோய்களை.

வீட்டில் வளர்க்கும் தாராவின் இறைச்சியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி இருக்கக்கூடும். பூனையின் மலத்தினால் அசுத்தமான மண்ணிலே இரை பொறுக்கும் பறவைகளுக்கு டொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் தொற்றுவதுண்டு. கருவுற்ற தாய்மார் அரைவேக்காட்டு இறைச்சியை நீக்க வேண்டுவது இதனாலேயே. மீனுக்கும் இத்தகைய கதை உண்டு. மீன் தின்னும் பறவைகளின் குடலிலே வாழும் சிறு தட்டைப்புழுக்கள், சேற்று நத்தை வழியாக மீனின் தசையை அடைகின்றன. எகிப்து நாட்டிலே திரளி மீனை உப்பிலிட்டுப் பழுக்கவைத்துச் சமைக்காமலே உண்பதால், அப்புழுக்கள் மனிதக் குடலையும் அடைவதுண்டு.

நம் அடுக்களையிலோ திரளி புளியோடும் மிளகாயோடும் கொதித்துத்தான் கலத்துக்கு வருகிறது. காப்பது புளியும் அன்று, மிளகாயும் அன்று; நன்றாகக் கொதிக்கும் கொதியே. ருசிக்காகச் செய்யும் காரியத்திலே நம் தாய்மார் பிள்ளைகளின் சுகத்தையும் காத்து வருகின்றனர். பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலேயே காய்கறி வெட்டாதிருந்தால் அக்காவல் முழுமை பெறும்.

குளத்தடியிலே கூட்டம்

மாலையிலே மருத மர நிழலில் கமக்காரர் பதினைந்து இருபது பேர் கூடினர். போத்தலையும் கறுப்புத் துணியையும் அப்பெண் அங்கே கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொருவரும் உருப்பெருக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். பேச்சின் சூடு மெல்லத் தணிந்தது.

நத்தைகளுக்கு நஞ்சூற்றலாமே என்ற யோசனை மறுபடியும் எழுந்தது. மேல்நாட்டு ஏரிகளிலே செப்புச் சல்பேற்று இட்டு நத்தைகளைக் கொன்று பார்த்திருக்கிறார்கள். அந்நஞ்சு மீனையும் பிற உயிர்களையும் தாக்கும். மீன் போனால் நம் கறிச்சட்டியும் போகும் என்று ஒரு முதியவரே மறுத்துவிட்டார். இன்னொருவர் கூறியது எம் மனத்திலே பதிந்தது. “முன்னே களப்பைச் சுற்றிக் கண்டல் காடு இருந்தது. பிறகு இறால் பண்ணைக்காக வெட்டினார்கள். 96 இலே வெள்ளைப் புள்ளி நோய் வந்து இறால் செத்தது. பலர் குளங்களை அப்படியே விட்டுப் போனார்கள். பறவைக்கு இருந்த இடம் குறைந்தால் அது இருக்கிற குளத்திலே தானே வந்து குவியும்?”

அவர் படித்தவர் அல்லர். ஆயினும் நோய் நூலார் கூறுவதும் அதுவே. பறவையும் மாடும் மனிதரும் ஒரே சிறிய நீரிலே நெருங்கினால், புழுவின் பயணம் எளிதாகிறது. முட்டைக்கு நத்தை கிட்டும். நத்தையை விட்டு வந்ததற்குக் கால் கிட்டும். பரந்த ஈரநிலம் இருந்தால் இவை விலகி வாழும். பறவையின் இருப்பிடத்தை அழிப்பது நோயைத் தூரத்தே தள்ளுவதன்று. நம் படித்துறைக்கே அழைத்து வருவதாகும்.

இறுதியிலே கூட்டத்தார் எளிய முடிவுகளுக்கு வந்தனர். குளிக்கும் துறையைச் சுற்றிப் பாசியையும் நீர்ச்செடியையும் மாதந்தோறும் வாரி, கரையிலே வெயிலிற் காயப்போடுவது; அதனால் அங்கே நத்தை தங்காது. எருமைக்கும் வளர்ப்புத் தாராவுக்கும் குளத்தின் மறுகோடியிலே இடம் ஒதுக்குவது. சிறு பிள்ளைகளைக் கிணற்றடியிலே குளிப்பாட்டுவது. நாற்று நடுவோரும் களை எடுப்போரும் இயன்றவரை நீண்ட சப்பாத்து அணிவது. நீரை விட்டு ஏறியவுடன், ஈரம் தானே உலரட்டும் என்று விடாமல், துவாயால் அழுத்தித் துடைப்பது. தோலின் மேல் இருக்கும் புழு உட்புகுமுன் நீங்கும். பட்டாசு வாங்கச் சேர்த்த பணம் மண்வெட்டிக்கும் வாரிக்கும் போயிற்று.

அரிப்புக் கண்டபின் செய்ய வேண்டியதும் பெரிதன்று. குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம், கலமைன் பூசலாம், நகத்தாற் கீறிப் புண்ணாக்கலாகாது. புண்ணாகிச் சீழ் வைத்தாலோ காய்ச்சல் கண்டாலோ வைத்தியரை நாட வேண்டும். மற்றும்படி ஒன்றிரண்டு கிழமைகளில் தானே மறையும். ஆச்சியின் வேப்பிலை நீரைப் பற்றி அப்பெண்ணிடம் கேட்டோம். “சுத்தமான நீரை ஆறவைத்துக் கழுவுவது நல்லதுதானே, மாமா” என்று சிரித்தாள். ஆச்சிக்கும் அதிலே திருப்தி.

விடைபெறும் வேளை

புறப்படும் நாட் காலை மறுபடியும் களப்புக் கரைக்குச் சென்றோம். எம் மகன் தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான்; தடிப்புகள் வாடத் தொடங்கியிருந்தன. நீலச்சிறகுத் தாராக்கள் முன்போலவே கூட்டமாய் மிதந்தன. அவற்றின் இரத்தத்திலே புழு இருக்கலாம், கண்ணிமைக்குள்ளும் இருக்கலாம். ஆயினும் நோய் நேராக அவற்றின் சிறகிலிருந்து நம் மேல் உதிர்வதில்லை. பறவைக்கும் நமக்கும் இடையே நத்தை இருக்கிறது, பாசி இருக்கிறது, படித்துறை இருக்கிறது, கறிச்சட்டி இருக்கிறது. பல கண்ணிகள் கோத்த சங்கிலி அது. ஆயிரம் மைல் பறந்து வரும் பறவை என்னும் கண்ணி நம் கைக்கு எட்டாதது. மற்றவை எல்லாம் நம் முற்றத்திலேயே இருப்பவை.

வாசகர்கள் முந்தலுக்குச் சென்றால் தை மாதத்திலே செல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கரையில் நின்று காணுங்கள். குளத்தில் இறங்க நேர்ந்தால் ஒரு துவாயைத் தோளிற் போட்டுக்கொள்ளுங்கள். நாம் பஸ் ஏறுமுன் நண்பரின் பேரன் ஓடிவந்து, “சித்திரையிலே அவை திரும்பிப் போகும்போது எண்ணி எழுதி அனுப்புகிறேன்” என்று எம் மகனிடம் சொன்னான். அந்தக் கடிதத்துக்காக எம் வீட்டில் இப்போது இருவரல்ல, மூவரும் காத்திருக்கிறோம்.